முழுப் பன்றி... காரமா, சாதாவா?

பிலிப்பைன்ஸில் ஒருவருக்கு நல்ல காலம் பிறந்தால், எங்கோ ஒரு பன்றிக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பிள்ளைக்கு ஞானஸ்நானம், பெண்ணுக்குக் கல்யாணம், துபாயிலிருந்து அண்ணன் வருகை, புது வீடு, ப்ரமோஷன், ஊர்த் திருவிழா, கிறிஸ்துமஸ்... எதுவானாலும் சரி, மேஜை நடுவில் தலை, காது, வால் சகிதம், வார்னிஷ் அடித்த தேக்கு மாதிரிப் பளபளவென்று ஒரு முழுப் பன்றி படுத்திருக்க வேண்டும். அதற்குப் பெயர் லெச்சோன். அது இல்லாமல் எத்தனை ஐட்டம் வைத்தாலும், பாயசம் போடாத கல்யாணம் மாதிரி ஒரு குறை!

ஸ்பானிஷ் மொழியில் 'லெச்சே' என்றால் பால். பால்குடி மறக்காத குட்டியைச் சுடுவதால் ஸ்பெயினில் அந்தப் பெயர். 1565-லிருந்து 1898 வரை பிலிப்பைன்ஸை ஆண்டுவிட்டுப் போன ஸ்பெயின்காரர்கள் பெயரை விட்டுவிட்டுப் போனார்கள். பிலிப்பினோக்கள் பெயரை வைத்துக்கொண்டு சைஸை மாற்றிவிட்டார்கள். பாலை மறந்து மாதக்கணக்கான தடியன்களும் இன்று லெச்சோன்தான்.

அப்படி ஒன்றை முழுசாக ஆர்டர் பண்ணுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கும் பாக்கியம் சமீபத்தில் செபு தீவில் கிடைத்தது. ஏதோ ஹோட்டலில் உட்கார்ந்து, 'ஒரு மசால், ஒரு காபி' என்று சொல்கிற சமாசாரம் என்று நினைக்காதீர்கள். நம் ஊரில் கல்யாண மண்டபம் புக் பண்ணுவது இதைவிடச் சுலபம்.

*

மணிலாவிலிருந்து தெற்கே விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் போனால் செபு. லெச்சோன் விஷயத்தில் இந்த இரண்டு ஊருக்கும் ஏழாம் பொருத்தம்.

மணிலாக்காரர்கள் பன்றிக்கு உப்பும் மிளகும் மட்டும் தடவிச் சுடுவார்கள். தொட்டுக்கொள்ள ஈரலை அரைத்து, வினிகர், சர்க்கரை, ரொட்டித்தூள் சேர்த்துக் காய்ச்சிய ஒரு பழுப்புக் குழம்பு. அந்தப் பக்கத்துக் கேஸோன் சிட்டியில் லா லோமா என்று ஒரு பேட்டை. தெருவில் வரிசையாக லெச்சோன் கடைகள்தான்.

செபுக்காரர்களிடம் அந்த ஈரல் குழம்பைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். "கறியில் ருசி இல்லாதவனுக்குத்தான் குழம்பு வேணும்!" இவர்கள் வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்து, எலுமிச்சைப்புல்லைக் கட்டுக்கட்டாக மடித்துத் திணிப்பார்கள். கூடவே பூண்டு, வெங்காயத்தாள், பிரியாணிக்குப் போடுகிற பிரிஞ்சி இலை, சில இடங்களில் அன்னாசிப்பூ. பிறகு வயிற்றைத் தைத்து மூங்கிலில் கோத்து, கரி நெருப்பில் சுற்றுவார்கள். அமெரிக்க டி.வி. புகழ் சமையல்காரர் ஆன்டனி போர்டெய்ன், 2009-ல் ஒளிபரப்பான தன் நிகழ்ச்சிக்காக இங்கே வந்து ஒரு பிடி பிடித்துவிட்டு, தான் தின்ற பன்றிகளிலேயே இதற்குத்தான் முதல் ரேங்க் என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் செபுக்காரர்களைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இந்தத் தீவின் பன்றிப் பாசம் இன்று நேற்றையது அல்ல. 1521-ல் மெகல்லனோடு கப்பலில் வந்த பிகஃபெட்டா என்ற இத்தாலிக்காரர் டைரி எழுதி வைத்திருக்கிறார். செபுவில் இரண்டு கிழவிகள் கட்டிப்போட்ட பன்றியைச் சுற்றி ஆடி, ஈட்டியால் குத்திப் பலி கொடுத்த சடங்கை விவரமாகக் குறித்திருக்கிறார். அதற்கு முன்பு வேறொரு தீவில், புனித வெள்ளிக்கிழமை அதுவுமாக, ராஜா கொடுத்த பன்றிக்கறியை மறுக்க வழியில்லாமல் தின்றுவிட்டதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாவம், பக்தர்!

அப்போது செபுவின் ராஜா ஹுமாபோன். அவருடைய முன்னோர் ஸ்ரீ லுமாய் என்பவர், சுமத்ராவிலிருந்து வந்த பாதித் தமிழர், சோழ வம்சத்து இளவரசர் என்று அங்கே ஒரு செவிவழிக் கதை உலவுகிறது. வரலாற்று ஆசிரியர்கள் அதை ஆதாரமாக ஏற்பதில்லை. ஆனால் அண்ணாச்சி ஏற்றுக்கொண்டுவிட்டார்.

*

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர். செபுவில் ஒரு கால் சென்டரில் ஆறு வருஷமாக இருக்கிறார். ராத்திரி பூரா அமெரிக்காக்காரனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பகலில் தூங்குகிற உத்தியோகம். நான் போய் இறங்கிய வாரம் அவருக்கு மேனேஜராக ப்ரமோஷன் வந்திருந்தது.

ப்ரமோஷன் லெட்டரைப் பார்த்த உடனே இருபத்துநாலு பேர் கொண்ட டீம் மொத்தமும் கேட்ட ஒரே வார்த்தை, "ப்ளோ-அவுட்!" டயர் வெடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பிலிப்பைன்ஸ் இங்கிலீஷில் ப்ளோ-அவுட் என்றால் ட்ரீட். நல்லது நடந்தவன்தான் செலவு பண்ண வேண்டும். மொய் கிடையாது. (இந்த இடத்தில் பி.காம். படித்த என் மனசு கொஞ்சம் வலித்தது.)

"ட்ரீட் வெச்சிட்டாப் போச்சு. நாலு பக்கெட் சிக்கன் சொல்லிருவோம்" என்றேன்.

"நீ ஒண்ணு தம்பி! இதுல வேற விஷயம் இருக்கு பாத்துக்கோ" என்றார் அண்ணாச்சி.

விஷயம் இதுதான். அந்த மேனேஜர் நாற்காலிக்கு இன்னொருவரும் காத்திருந்தார். அண்ணாச்சிக்கு இரண்டு வருஷம் சீனியர். வந்த புதிதில் இவருக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே அந்த அம்மாள்தான். டீமில் எல்லோரும் அவரை 'ஆத்தே' என்கிறார்கள். அக்கா என்று பொருள். நம் ஊர் 'ஆத்தா'வுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தோஷம். நாற்காலி அவருக்கு வராமல், வெளிநாட்டுக்காரரான இவருக்கு வந்துவிட்டது. ஆத்தே கை கொடுத்து வாழ்த்தினார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சிக்கன் வாங்கிப் போட்டா, 'வெளியூர்க்காரன் கணக்கு முடிச்சிட்டான்'னு ஆயிரும். லெச்சோன்தான் வைக்கணும். முழுசு!"

சரி, முழுசு. அப்போதுதான் வந்தது அடுத்த கேள்வி. காரமா, சாதாவா?

*

பிலிப்பினோக்களின் தினப்படிச் சமையலில் காரம் குறைவு. புளிப்பு உண்டு, உப்பு உண்டு, ஸ்பகெட்டியில்கூடச் சர்க்கரை உண்டு. பிக்கோல் என்ற ஒரு வட்டாரத்தில் மட்டும் தேங்காய்ப்பாலில் மிளகாயை அள்ளிப் போட்டுச் சமைப்பார்கள். இத்தனைக்கும், மிளகாயின் தாய்நாடான மெக்ஸிகோவோடு 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கு நேரடிக் கப்பல் போக்குவரத்து இருந்தது. 'சில்லி' என்ற பெயர்கூட அங்கிருந்து வந்ததுதான். நமக்கோ போர்ச்சுகீசியர்கள் மூலம் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது. சரக்கு நேரடியாகக் கிடைத்தவர்கள் தொட்டுக்கொள்ள வைத்தார்கள். சுற்றி வந்து கிடைத்த நாம் மிளகையே ஓரங்கட்டிவிட்டோம்!

காரமான லெச்சோன் என்பது செபு கடைகளில் தனி ரகம். நம் காந்தாரி மாதிரி ஊசி ஊசியாக இருக்கும் 'சில்லிங் லபுயோ'வை நறுக்கிப் பூண்டோடும் எலுமிச்சைப்புல்லோடும் வயிற்றுக்குள் திணித்துத் தைத்துவிடுவார்கள். இதில் ஒரு சிக்கல். சாம்பாரில் காரம் போதாவிட்டால் மேலே மிளகாய்ப்பொடி தூவலாம். இங்கே நெருப்பில் ஏற்றுவதற்கு முன்பே முடிவு சொல்லியாக வேண்டும். தைத்த பிறகு அப்பீல் கிடையாது.

டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. காரம் 9, சாதா 12. மிச்சம் மூன்று பேர் பன்றியே சாப்பிடாதவர்கள். இரண்டு பேர் மிண்டனாவோ பக்கத்து முஸ்லிம்கள், ஒருவர் அட்வென்டிஸ்ட் சபைக்காரர். (அவர்களுக்குச் சுட்ட மீனும் நூடுல்ஸும்.) ஆத்தேயின் ஓட்டு சாதாவுக்கு. அவருடைய சின்னப் பையனுக்குக் காரம் ஆகாது.

"சோழன் ஆண்ட ஊருல வந்து சப்புனு திங்கணுமா?" என்று அண்ணாச்சி ராத்திரி முழுக்கப் புலம்பினார். ஆறு வருஷமாகச் சர்க்கரை ஸ்பகெட்டி தின்ற நாக்கு. அதன் கோரிக்கை நியாயமானதுதான். காலையில் அவரே, "சாதாவே சொல்லிருவோம் தம்பி. நம்ம நாக்குக்காக ஊரைப் பகைக்க முடியுமா?" என்றார்.

*

செபு நகரத்திலிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் தாலிசாய். அங்கே வீட்டுக்கு வீடு பன்றி சுடுகிற பரம்பரைகள். அக்டோபரில் ஊர்ப் புனிதர் அவிலாவின் தெரேசாவுக்குத் திருவிழா எடுக்கும்போது லெச்சோனுக்கும் சேர்த்து விழா எடுக்கிறார்கள். இன்னும் தெற்கே போனால் கார்கார். அங்கே மார்க்கெட்டில் வரிசையாக லெச்சோன் கடைகள். கடைக்காரப் பெண்கள் ஆளுக்கொரு துண்டை வெட்டி நீட்டி, "ருசி பாருங்க, ருசி பாருங்க!" என்று கூப்பிடுவார்கள். கிலோ கணக்கில் வாங்குகிறவர்களுக்கு அது சொர்க்கம். முழுசு வேண்டும் என்கிறவர்களுக்குத் தாலிசாய் பக்கம்.

ஆச்சரியம், ஆத்தேயும் கூட வந்தார். "தெரிந்தவர் இல்லாமல் போனால் உங்களை மொட்டை அடித்துவிடுவார்கள்" என்றார். அங்கே வாடிக்கை என்பதற்கு 'சூக்கி' என்று ஒரு சொல். கடைக்காரருக்கும் சூக்கி, வாங்குகிறவருக்கும் சூக்கி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்ற மாட்டார்கள் என்பது ஐதீகம்.

"குட்மார்னிங் மாம்-ஸார்!" என்று வரவேற்றார் கடைக்கார அம்மாள். (ஆணோ பெண்ணோ, அந்த நாட்டுக் கடைகளில் எல்லோரும் 'மாம்-ஸார்'தான்.) பிறகு கேள்விகள்.

முதல் கேள்வி: எத்தனை 'பாக்ஸ்'? பெட்டி இல்லை, தலை எண்ணிக்கை. அண்ணாச்சி இருபத்துநாலு என்றார். ஆத்தே குறுக்கிட்டு நாற்பது என்றார். ஒவ்வொருவரும் புருஷன், பெண்டாட்டி, குழந்தை, சில பேர் மாமியாரையும் அழைத்து வருவார்களாம். போதாததற்குப் போகும்போது ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு போவது அங்கே மரியாதைக் குறைவே அல்ல. அதற்கு 'ஷரோன் பண்ணுவது' என்று செல்லப்பெயர். ஷரோன் குனேட்டா என்ற நடிகை பாடிய பழைய பாட்டொன்றில், 'என்னைப் பொதிந்துகொள்' என்கிற தினுசில் ஏக்கமாக ஒரு இடம் வருகிறதாம். காதல் பாட்டு கடைசியில் பொட்டலத்தில் வந்து முடிந்திருக்கிறது!

இரண்டாவது கேள்வியைக் கேட்டது ஆத்தே. "நீங்கள் சொல்கிற கிலோ உயிர் எடையா, சுட்ட எடையா?"

ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். உயிர் எடை என்பது கிராஸ் சம்பளம். குடல் போய், ரத்தம் போய், நெருப்பில் தண்ணீரும் கொழுப்பும் வடிந்து கடைசியில் மேஜைக்கு வருவதுதான் டேக்-ஹோம். முதல் எண்ணை மட்டும் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படுகிறவன் இரண்டு இடத்திலும் ஏமாறுவான்.

பேரம் முடிந்து விலை 12,500 பெசோ. ஒரு பெசோ ஏறத்தாழ ஒன்றரை ரூபாய். நாற்பது பேருக்கு வகுத்தால் தலைக்கு 312 பெசோ 50 சென்டாவோ. அப்படிப் பார்த்தால் தேவலை என்று நான் சொன்னதை யாரும் ரசிக்கவில்லை.

முன்பெல்லாம் இவ்வளவு விலை இல்லை என்றார் கடைக்கார அம்மாள். 2019-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பிலிப்பைன்ஸுக்குள் நுழைந்தது. மனிதர்களை ஒன்றும் செய்யாது. பன்றிகளை விடாது, தடுப்பதற்காகவே கூட்டம் கூட்டமாகக் கொன்று புதைத்தார்கள். கடல் நடுவில் இருந்த தைரியத்தில் செபு சில வருஷம் தாக்குப்பிடித்தது. 2023-ல் அதே கார்காரில் நோய் தலைகாட்டியது. அங்கே கிராமத்து வீடுகளில் கொல்லைப்புறத்தில் ஒன்றிரண்டு பன்றி வளர்ப்பது நம் ஊர்ச் சீட்டுக் கட்டுவது மாதிரி. பள்ளிக்கூட ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு என்றால் அதுதான் கை கொடுக்கும். சீட்டுப் பணத்தோடு கம்பெனியே ஓடிப்போன கதையாகிவிட்டது பல வீடுகளில்.

மூன்றாவது கேள்வி வந்தது. "காரமா, சாதாவா?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு "சாதா" என்றார்.

"காரம்" என்றார் ஆத்தே.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். ஆத்தே எங்களைப் பார்க்காமல் கடைக்கார அம்மாளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அந்த அம்மாள் சுவரில் மாட்டியிருந்த பன்றிப் படத்தைக் காட்டி விளக்கினார். மிளகாய் வைப்பது வயிற்றில். அதனால் வயிறும் விலாவும்தான் காரம். தோள்பட்டைக்கும் தொடைக்கும் அவ்வளவாக எட்டாது. தோலுக்கு எட்டவே எட்டாது. ஒரே பன்றிதான், எங்கே கத்தி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம்.

"என் பையனுக்குத் தொடை. உங்களுக்கு விலா. ஆறு வருஷமாக நம் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், போதும்!" என்றார் ஆத்தே.

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அட்வான்ஸை எண்ணுவது போல நோட்டை இரண்டு தடவை எண்ணினார்.

*

நாள் குறித்தாகிவிட்டது. டெலிவரி பகல் பன்னிரண்டு மணி. நான் விடியற்காலையிலேயே கொட்டகைக்குப் போய்விட்டேன்.

சுடுகிறவர்களுக்கு லெச்சோனேரோ என்று பெயர். நடுராத்திரிக்கு மேல் வேலை ஆரம்பம். வெந்நீர் ஊற்றி மயிரை மழித்து, குடலை எடுத்து, திணித்துத் தைத்து மூங்கிலில் ஏற்றும்போது வெளிச்சம் வந்துவிடுகிறது. கரியை நேர் கீழே கொட்டாமல் இரண்டு பக்கமும் ஒதுக்குகிறார்கள். கொழுப்பு சொட்டி நெருப்பு எகிறினால் தோல் கருகிவிடும். கறி தடிமனான தோள் பக்கமும் தொடைப் பக்கமும் கரி அதிகம், நடுவில் குறைவு. பிறகு சுற்ற வேண்டியதுதான். மூன்று நான்கு மணி நேரம், கையால். வேகம் கூடினாலும் குறைந்தாலும் தோல் வெடிக்கும்.

மூங்கிலைச் சுற்றிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். இடுப்புக்கு மேலே சட்டை இல்லை. டிசம்பர் 24-ந் தேதி ராத்திரி பூஜை முடிந்து ஊரே குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு நோச்சே புவேனா என்று பெயர். "உங்கள் வீட்டில் அன்றைக்கு லெச்சோன் உண்டா?" என்று கேட்டேன். சிரித்தார். அன்றைக்குத்தான் வருஷத்திலேயே அதிக ஆர்டராம். பல வருஷமாக அந்த ராத்திரி அவர் வீட்டில் இருந்ததே இல்லையாம். "வாசனை பிடித்துப் பிடித்து எனக்குப் பசியே எடுப்பதில்லை. வீட்டில் எனக்கு மீன்தான்" என்றார்.

*

பன்னிரண்டரைக்குப் பன்றி வந்தது. நீளமான அட்டைப்பெட்டி. ஆவி போவதற்கு அங்கங்கே ஓட்டை. இல்லாவிட்டால் மொறுமொறுத் தோல் நமுத்த அப்பளமாகிவிடும். பெட்டி திறந்த உடனே பேச்சு, வாழ்த்துரை எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் பத்து நிமிஷம் தோலுக்கு. தட்டினால் 'டொக் டொக்' என்று சத்தம். கண்ணாடி மாதிரி உடைகிறது. அதை விட்டவன் லெச்சோன் சாப்பிட்டதாகவே கணக்கில்லை.

கூடவே 'பூசோ'. குருத்தோலையில் கை அகலத்துக்குக் கூடு பின்னி, உள்ளே அரிசி போட்டு வேகவைத்த சோற்றுக் கட்டி. கையில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு எல்லோரும் கையால்தான் சாப்பிட்டார்கள். தொட்டுக்கொள்ளத் தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுத்த வினிகர். நம் ஊரில் 1987 முதல் தடையில் இருக்கிற சரக்கு, அங்கே ஊறுகாய்க் கிண்ணத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

விலா எப்படி? முதலில் எலுமிச்சைப்புல் வாசனை, பிறகு பூண்டு, நாலு வாய் கழித்து நிதானமாக வந்து நாக்கில் உட்கார்ந்தது காரம். நம் ஊர் அளவுகோலில் ஒரு சுமாரான ரசம். அண்ணாச்சி பையிலிருந்து ஆவக்காய் பாட்டிலை எடுத்துவிட்டார். காரத்துக்கு ஓட்டுப் போட்ட ஒன்பது பேரும் ஆளுக்கொரு துளி நக்கிவிட்டு ஐஸ் தண்ணீரைத் தேடி ஓடினார்கள். ஆத்தேயின் பையன் தொடைக்கறியை முடித்துவிட்டு, வால் தனக்குத்தான் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு மேஜையில் தலையும் எலும்பும் மிச்சம். பொட்டலங்கள் கட்டப்பட்டன. தலையைக் கேட்டு வாங்கிக்கொண்டது ஆத்தே.

மிச்ச லெச்சோனை வினிகரும் பூண்டும் போட்டுச் சுண்டவைத்தால் அதற்குப் பெயர் பாக்சிவ். நம் சுண்டக்கறிக்குச் சொந்தக்காரன். மறுநாள் முதல்நாளைவிட ருசி என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. திங்கள்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்த அண்ணாச்சியின் கையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. திறந்தால் பாக்சிவ். மேலே முழுசாக ஐந்து மிளகாய்.

"ஆத்தே குடுத்தாங்க" என்றார்.

"அப்போ அடுத்த ப்ரமோஷன் எப்போ அண்ணாச்சி?"

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர மென்றுகொண்டே சொன்னார். "அடுத்தது ஆத்தேக்கு வரணும் தம்பி. பன்னி செலவும் அவங்களோடது. சாதாவே சொல்லட்டும், ஆவக்காய் நம்மகிட்ட இருக்கு!"